சோப்புக்கு ஏது கை?

பூ பேசுகிறது!

இப்படி ஒரு செய்தி கிளம்பினால் எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? வீட்டில் மனைவி பேசினால் காது கொடுக்காதவர்கள், மேலதிகாரி பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள், எல்லோரும் பூ பேசுவதைக் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். கடைத்தெருவில் வெகுகாலமாக மூடிக் கிடந்த நாற்காலிக் கடையை வாடகைக்குப் பிடித்து மலரய்யா வந்து இறங்கியிருந்தார். அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே வைத்துக்கொண்டார் என்று தெரிந்திருக்கும்.

கடை திறப்பதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். பேருந்து நிலையம் வரைக்கும் போய், அங்கிருந்து வளைந்து, மறுபடி கடைத்தெருவுக்கே திரும்பி வரும். பேருந்துக்கு நின்றவர்கள் சிலர் தெரியாமல் இந்த வரிசையில் சிக்கி, கடைசியில் கை பார்த்துக்கொண்டு போனதும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் பன்னீர் மணக்கும் ஈரத் துண்டு ஒன்றைக் கொடுத்து, "கையைத் துடைச்சுக்குங்க" என்பார்கள். துண்டு கொடுப்பவர் மலரய்யாவின் மைத்துனர். மலரய்யா அவரை "மச்சான்" என்று கூப்பிட்டார். பக்தி முற்றிய ஊரும் அப்படியே கூப்பிட்டது. பல் கொட்டிய பெரியவர்கள்கூட, "மச்சான், எனக்கொரு துண்டு" என்று கை நீட்டினார்கள். சில பேருக்கு மச்சான், "துண்டு தீர்ந்துபோச்சு, நீங்க அப்படியே போங்க" என்பார். வாளி நிறையத் துண்டு இருக்கும்போதே சொல்வார். ஞானிகளின் உறவினர் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள்.

பிறகு கண்ணாடிக் கிண்ணம். அதில் ஊதா நிறத்தில் மலர்நீர். மனிதன் கால் படாத ஏதோ ஒரு மலையில், ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மலரும் பூவின் சாறு அது என்று ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. மனிதன் கால் படாத மலையில் பறித்தது யார் கை என்று ஒலிபெருக்கியிடம் யாரும் கேட்கவில்லை.

விரல்களைக் கிண்ணத்தில் நனைக்க வேண்டும். நீர் ரோஜா நிறமானால் அமுதக்கை. ஊதாவாகவே இருந்தால் பூ யோசிக்கிறது, இன்னொரு நாள் வர வேண்டும், இன்னொரு தடவை கட்டணம் கட்ட வேண்டும். பச்சையாக மாறினால் நஞ்சுக்கை! தொட்டது துலங்காது, பரிமாறிய சோறு செரிக்காது, தூக்கிய குழந்தை தேறாது. பயப்பட வேண்டாம், பரிகாரம் உண்டு. மலரய்யா ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் சில சொட்டு விடுவார். பச்சை நீர் கண்ணெதிரே ரோஜாவாகிவிடும். "பாத்தீங்களா? உள்ள இருந்த நஞ்சு எறங்குது!" என்பார். அந்தப் பாட்டிலுக்குப் பெயர் தெளிநீர். அது இலவசம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

கொத்தனார் கை வைத்தார், பச்சை. துணி துவைப்பவர் வைத்தார், பச்சை. ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிற பெண்மணி, பச்சை. கடை வாசலில் எலுமிச்சம்பழச் சாறு விற்கிற அம்மாள் விளையாட்டாகக் கை வைத்தாள். குப்பென்று ரோஜா நிறம்! அன்றிலிருந்து அவள் அமுதக்கைக்காரி. தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து அவளைத் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். அவளும் எலுமிச்சம்பழம் பிழிந்த கையோடே வைத்தாள். பிள்ளைகள் கண் எரிகிறது என்று அழுதால், "நஞ்சு எறங்குதும்மா" என்றார்கள்.

நாள் முழுக்கச் சுத்தம் செய்கிற கைகளுக்கு நஞ்சுப் பட்டம், பழம் பிழிந்துவிட்டுக் கழுவாத கைக்கு அமுதப் பட்டம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று வரிசையில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

இந்த ஊரில்தான் சோப்புக்காரர் இருந்தார். வீட்டுக்குப் பின்புறம் ஒரு கொட்டகை. அதில் எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து, கை கடுக்கக் கிளறி, அச்சில் ஊற்றி, இறுகியதும் கம்பியால் பாளம் பாளமாக அறுத்து விற்பார். நிதானமான மனிதர். தன் பேத்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானம் தப்பிவிடும். பேத்தி பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மகள் வாழ்க்கைப்பட்ட வீடு அடுத்த தெருவில். காலையில் கொட்டகைக்குப் போகுமுன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலையில் "இந்தப் பக்கமா வந்தேன்" என்று ஒரு தடவை போய்த் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருவார். அவருடைய வேலை எதுவும் அந்தப் பக்கம் கிடையாது.

அதற்குத்தான் ஆப்பு வந்தது. ஆப்பை எடுத்து வந்தவர் சம்பந்தியம்மாள், மாப்பிள்ளையின் தாயார்.

"குழந்தைய தொடுற கை ஒவ்வொண்ணையும் பாத்துடலாம் சம்பந்தி. ஒரு மன நிம்மதிக்குத்தான். போன வாரம் எனக்கே பச்சைன்னு வந்துச்சு. ரெண்டு பாட்டில் தெளிநீர் தேய்ச்சேன், நேத்துப் போனா என்னமா ரோஸ் கலரு! நீங்களும் வந்து ஒரு தடவ காட்டிடுங்க."

குடும்பத்தோடு போனார்கள். மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். துண்டு கிடைக்காத அவர் விரல் பட்ட நீர் ஊதாவாகவே இருந்தது. சோப்புக்காரரின் மனைவிக்கு லேசான பச்சை. சோப்புக்காரரின் முறை வந்தது. மச்சான் அவருடைய பிய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டு, "துண்டு தீர்ந்துபோச்சு" என்றார். கொட்டகையிலிருந்து நேராக வந்த கையை அவர் அப்படியே கிண்ணத்தில் வைத்தார்.

நீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு பாசி பிடித்த குளம் போலப் பச்சையாகிவிட்டது.

மலரய்யா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எத்தனையோ ஊரு பாத்துட்டேன். இப்படி ஒரு பச்சைய நான் பாத்ததே இல்ல. வீட்டுல பச்சக் குழந்தை இருக்குதா?"

"இருக்குங்க சாமி!" என்றார் சம்பந்தியம்மாள், நெஞ்சில் கை வைத்து.

"இந்தக் கை அதைத் தொட்டா..." என்று இழுத்து நிறுத்தினார் மலரய்யா. மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடும் மீதியில்தான் அவருடைய வருமானமே இருந்தது. கடைசியாக, "பல் முளைக்கிற வரைக்கும் தொடக் கூடாது. தெளிநீர விடாம தேய்க்கணும். அப்புறம் பாக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் காலை வழக்கம் போல அடுத்த தெருவுக்குப் போன சோப்புக்காரரைக் கதவருகிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"அங்கேருந்தே பாத்துக்குங்க சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க."

"அத்தை, அது எங்கப்பா கை. என்னைத் தூக்கி வளத்த கை" என்றாள் மகள்.

"யாரு கையா இருந்தா என்னம்மா? கலரு கலருதானே?"

மாப்பிள்ளை செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தொட்டிலில் குழந்தை தாத்தாவின் குரல் கேட்டுத் தலையைத் திருப்பப் பார்த்தது. சோப்புக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், யாரோ திருடிக்கொண்டு வந்த பொருளை ஒளித்து வைத்தது மாதிரி.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு பாட்டில் மலர்நீர் வாங்கி வைத்திருந்தாள். வாசலில் கிண்ணத்தில் ஊற்றி வைத்து, வருகிறவர்களின் கையைச் சோதித்துப் பார்க்கலாமாம். தெளிநீரும் ஒரு பாட்டில்.

"ஏங்க, பிடிவாதம் பிடிக்காம தேய்ச்சுத் தொலைங்களேன். புள்ளைய தூக்கணும்னு ஆசை இருக்குதா இல்லியா?"

"தேய்ச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கிட்டா என்ன, கிரீடம் எறங்கிடுமா?"

அவர் கொட்டகைக்குள் போய்விட்டார். சோப்புப் பாளத்தை அறுக்க ஆரம்பித்தார். கோபத்தில் கம்பி கோணலாகப் போனது. ஜன்னல் விளிம்பில் மனைவி மலர்நீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அறுபட்ட சோப்புச் சீவல் ஒன்று தெறித்துப் போய் அதில் விழுந்தது.

சீவலைச் சுற்றிப் பச்சையாய் ஒரு நூல் பிரிந்தது. பிறகு இன்னொன்று. அவர் கம்பியைக் கீழே வைத்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கிண்ணம் முழுவதும் பச்சை. நேற்று அவர் கைக்கு வந்த அதே பச்சை.

அவர் வாய்விட்டே கேட்டார்: "சோப்புக்கு ஏது கை?"

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கதையில் முக்கியமான வேலை. அதை ஊரில் ஒருவர்கூட அதுவரை செய்யவில்லை. அடுப்படிக்குப் போய் எல்லா டம்ளர்களையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மலர்நீர் ஊற்றி, கையில் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். போடும்போது தன் விரல் படாமல் கரண்டியால் போட்டார். வேலை செய்யச் செய்ய அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"அத்தனை டம்ளரும் எங்கடா போச்சுன்னு பாத்தா இங்க வரிசையா நிக்குது! நான் எதுலங்க தண்ணி குடிக்கிறது?" என்று வந்து நின்றாள் மனைவி.

"இங்க வா. உனக்கு ஒரு மகானைக் காட்டுறேன். அமுதக்கை."

"யாரு?"

"தயிர்."

"என்னது?"

"பக்கத்துல பாரு, இன்னும் நல்ல ரோஸு. இவரு அதைவிடப் பெரிய மகான். எலுமிச்சம்பழம்."

"அந்தப் பச்சை யாரு, பாவி?"

"நீ துணிக்குப் போடுற சோடா. அடுத்தது அடுப்புச் சாம்பல். ரெண்டும் போன பிறவியில என்ன அக்கிரமம் பண்ணுச்சோ."

"இது ரெண்டும் ஊதாவாவே இருக்கே?"

"உப்பு, சர்க்கரை. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல, வாயைத் திறக்கவும் திறக்காது. நம்ம மாப்பிள்ளை மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவள். "அந்தத் தெளிநீரு?" என்றாள். அவர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் முகர்ந்தாள். பன்னீர் வாசனைக்கு அடியில் வேறொன்று மூக்கைக் குத்தியது. "அட, இது வினிகருங்க! அடுப்படி அலமாரியில ஒரு பாட்டிலு இருக்கு. அதுக்கு இதுல பத்துல ஒரு பங்கு விலைகூட இல்ல!" அலமாரி வினிகரைப் பச்சைத் தண்ணீரில் ஊற்றினார்கள். நஞ்சு உடனே இறங்கியது.

அப்போதுதான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த தன் விரலை அவள் ஒரு டம்ளரில் விட்டுப் பார்த்தாள். பச்சை.

"யாரைப் பாத்து நஞ்சுக்கைங்கிறான் அவன்! இத்தனை வருஷமா இந்தக் கையால போட்டதைத்தானே தின்னீங்க? உயிரோடதானே இருக்கீங்க?"

"அது ஒரு அதிசயம்தான்."

"வாயை மூடுங்க!"

மலரய்யாவின் கதை அந்த நிமிடமே முடிந்துவிட்டது. தகவல்தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் மாயம் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துவிடுவோம். ஊதா, சிவப்பு, நீலப் பூக்கள் பலவற்றின் இதழில் ஆந்தோசயனின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. தண்ணீரில் எளிதாகக் கரையும். இதழை வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் நீரெல்லாம் ஊதா. அந்தச் சாயத்தின் மூலக்கூறு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பேர்வழி. புளிப்பான அமிலத்தோடு சேர்ந்தால் ஒரு வடிவம், அப்போது ரோஜா நிறம். சோடா, சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரத்தோடு சேர்ந்தால் இன்னொரு வடிவம், அப்போது நீலமும் பச்சையும். காரம் மிகவும் கடுமையாக இருந்தால் மஞ்சளாகவே போய்விடும். மறுபடி அமிலத்தை விட்டால் பச்சை திரும்ப ரோஜாவாகும். அந்தச் சாயத்துக்கு உங்கள் பாவ புண்ணியம் தெரியாது. உங்கள் விரலில் எலுமிச்சம்பழம் ஒட்டியிருக்கிறதா, சோப்பு ஒட்டியிருக்கிறதா என்பது மட்டும் தெரியும். கொத்தனார் கையில் சுண்ணாம்பும் சிமென்ட்டும், துவைப்பவர் கையில் சோடா. பூ அவரவர் தொழிலைச் சொன்னது. மலரய்யா அதை அவரவர் தலையெழுத்து என்று மொழிபெயர்த்தார்.

மலை? மலர்நீர்ப் பாட்டிலின் அடியில் நைந்துபோன ஓர் இதழ் கிடந்தது. சோப்புக்காரரின் மனைவி அதை விரலில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தாள். ஊதா இதழ், நடுவே கருஞ்சிவப்பு நரம்பு. "மந்தாரைங்க இது. பேருந்து நிலையத்துல நிக்குதே, மாட்டுக் குளம்பு மாதிரி ரெண்டா பிளந்த இலையோட, அந்த மரம். அதோட மொட்டைப் பறிச்சு நானே எத்தனையோ தடவ வதக்கிப் போட்டிருக்கேன்!" இருவரும் போய் மரத்தடியில் உதிர்ந்த பூக்களை ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து வெந்நீரில் போட்டார்கள். அதே ஊதா நீர். மலரய்யாவின் வரிசை நாள்தோறும் வளைந்து திரும்பியது அந்த மரத்தைச் சுற்றித்தான். மனிதன் கால் படாத மலையின் மேல் ஊரே நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தது.

பாவம், பூ என்ன செய்யும்? மரத்துப் பூக்களில் உண்ணத் தக்கவை ஏராளம். எந்தப் பூவானாலும் பெரும்பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில்தான் அதன் குணம். முருங்கைப்பூவில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அகத்திப்பூவில் வைட்டமின் சி, கூடவே ஒரு கசப்பு. இலுப்பைப்பூவைக் காய வைத்தால் பாதிக்கு மேல் சர்க்கரை. அதனால்தான் அதை அப்படியே வாயில் போட்டு மெல்லலாம். மந்தாரையில் நார்ச்சத்தும் இந்த ஊதாச் சாயமும். வதக்கலாம், காய வைத்துப் பொடிக்கலாம், துணிக்குச் சாயம் ஏற்றலாம். மலரய்யா பூவைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. மஞ்சள் பூக்கள் பலவற்றில் இருப்பது கரோட்டின் என்கிற வேறொரு சாயம். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. எலுமிச்சம்பழத்துக்கும் சோப்புக்கும் அசைந்து கொடுக்காது. அவர் அப்படி ஒரு பூவோடு வந்திருந்தால் முதல் நாளே மூட்டை கட்டியிருப்பார்.

சோப்புக்காரருக்கு இப்போது பூ மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. தன் சரக்கை எல்லாம் அதனிடம் காட்டினார். பழைய பாளங்களிலிருந்து சீவல் சீவலாக எடுத்துப் போட்டார். எல்லாம் நீலப்பச்சை. சோப்பு என்றால் அவ்வளவு காரம் இருக்கத்தான் செய்யும். கடைசியாக இந்த வாரம் அறுத்த பாளம். அது பச்சையைத் தாண்டி மஞ்சளாகிவிட்டது. இன்னொரு சீவல் போட்டார். அதுவும் மஞ்சள்.

சிரிப்பு நின்றுபோயிற்று. காஸ்டிக் அளவு மிஞ்சியிருக்கிறது. எண்ணெயோடு சேராமல் மிச்சம் நின்ற காரம் சோப்பிலேயே இருக்கிறது. அதே கலவையைக் கிளறிய கையால்தான் ஓடோடிப் போய் அவசரத்தில் சரியாக அலசாமல் பேத்தியைத் தூக்கியிருக்கிறார். மனிதத் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, கடுங்காரம் பட்டால் சிவந்து எரியும். பூ முதல் முறையாக அவரிடம் ஒரு நியாயமான குறையைச் சொல்லியிருந்தது. அவர் அந்தப் பாளத்தைத் தூக்கித் தனியே வைத்தார்.

"இதையும் ஊருக்குச் சொல்லணுமாங்க?" என்றாள் மனைவி.

"கேட்டா சொல்லணும்."

அடுத்த நாள் நாற்காலிக் கடையில் கூட்டம் நெரிந்தது. சோப்புக்காரர் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்ததால் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கூடவே சம்பந்தியம்மாள், சம்பந்தி திருந்திவிட்டார் என்ற பூரிப்போடு.

"வாங்க வாங்க. தெளிநீரு தேய்ச்சீங்களா?" என்றார் மலரய்யா.

"அதான் சாமி, கையைக் காட்ட வந்தேன். ரெண்டு கையையும் தனித்தனியா பாத்துச் சொல்லணும்."

இடக்கையை ஒரு கிண்ணத்தில் வைத்தார். பச்சை. கூட்டம் 'ச்சூ' கொட்டியது. வலக்கையை இன்னொரு கிண்ணத்தில் வைத்தார். பளீரென்று ரோஜா. கூட்டம் வாயைப் பிளந்தது.

"இந்தப் பக்கம் நஞ்சு, இந்தப் பக்கம் அமுதம். நான் பேத்திய ஒத்தக் கையால தூக்கலாமா சாமி?"

மலரய்யா ஒரு வினாடிதான் தடுமாறினார். "இடது அப்பன் வழி, வலது அம்மா வழி. உங்க அப்பன் வழியில ஒரு சாபம் இருக்குது."

கூட்டம் தலையாட்டியது. "அதானே பாத்தேன்" என்றார் ஒருவர், எதைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாமல். இடக்கையில் சோப்பும் வலக்கையில் எலுமிச்சம்பழமும் தேய்த்து வந்திருந்த சோப்புக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, நடக்க முடியாதவங்களுக்குக் கை கழுவின தண்ணியைக் கொண்டாந்தா போதும்னு சொன்னீங்களே. எங்க பெரியம்மா கை நனைச்ச தண்ணி இது. படுத்த படுக்கை. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

இதற்குக் கட்டணம் இரட்டிப்பு. மலரய்யா முகம் மலர்ந்து அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். பச்சை பொங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வயசான உடம்பு."

"ஆமாங்க, நல்லா காஞ்ச உடம்பு."

"நாலு பேருக்கு உழைச்சு உழைச்சுத் தேஞ்சுபோனவங்க."

"அட, நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களே! தேஞ்சுதான் போனாங்க."

"மனசுக்குள்ள ஒரு ஆம்பளையால வந்த கசப்பு இருக்குது. கூடப் பொறந்தவங்க ஒண்ணா இருந்து பிரிஞ்சுட்டாங்க."

"சத்தியமான வார்த்தை! கம்பியைப் போட்டுப் பிரிச்சது எங்க வீட்டுக்காரருதான்." அவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சோப்பு, பாதி தேய்ந்தது. "பெரியம்மா, சாமியைக் கும்பிட்டுக்கோ!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது பாத்திரம் தேய்க்கிற பெண்மணி. பிறகு கொத்தனார். சிரிப்பு வரிசையின் ஊடாகத் தெருவுக்குப் போனது. என்னவென்று தெரியாமலே பேருந்து நிலையம் வரை சிரித்தார்கள்.

"சோதிக்கிறீங்களா? தெய்வத்தைச் சோதிக்கிறீங்களா?" என்று மலரய்யா கத்தினார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"தெய்வத்தை இல்ல சாமி, தண்ணியை" என்றார் சோப்புக்காரர். "சரி, உங்க கையை ஒரு தடவ வச்சுக் காட்டுங்க. ஊரு பாக்கட்டும்."

"வைக்கிறேன்! இதுல என்ன பயம்?" வியர்வையில் பிசுபிசுத்த முகத்தையும் கையையும் துடைக்க மலரய்யா பக்கத்திலிருந்த வாளியில் கையை விட்டார். துண்டை எடுத்தார். முகத்துக்குக் கொண்டுபோனார்.

"மச்சான்! அந்த வாளி இல்ல! அது சோடா வாளி!" என்று அலறினார் அவருடைய மச்சான்.

துண்டு மலரய்யாவின் மூக்கருகே அப்படியே நின்றது.

பிறகு எல்லாம் தானாகவே வெளியே வந்தது. வாளிகள் இரண்டு. ஒன்றில் சோடாக் கரைசல், ஒன்றில் வினிகர், இரண்டிலும் பன்னீர். மச்சான் செருப்பைப் பார்ப்பார். நல்ல செருப்பென்றால் முதல் தடவை சோடாத் துண்டு, தெளிநீர் வாங்கிக்கொண்டு மறுதடவை வந்தால் வினிகர்த் துண்டு. பிய்ந்த செருப்புக்காரர்களுக்குத் துண்டு எதற்கு, வீண் செலவு! அவர்கள் கையில் இருக்கிற தொழிலே போதும். சம்பந்தியம்மாள் ஒருமுறை தன் புதுச் செருப்பைப் பார்த்தார். பிறகு வினிகர் வாளியைப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்தது. அதற்கு எந்தச் சொட்டும் தேவைப்படவில்லை.

மலரய்யாவும் மச்சானும் பின்கதவு வழியாகப் போனார்கள். அங்கே கொத்தனார் நின்றிருந்தார். கட்டணம் திரும்பி வந்தது.

இத்தோடு ஊர் தெளிந்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கு ஊரைத் தெரியாது. ஒரு பெரியவர் சோப்புக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆளு பொய்யி. ஒத்துக்கிறேன். ஆனா பூ நெஜம்தானே? உங்ககிட்ட பூ இருக்குதாமே. என் கையை நீங்க பாத்துச் சொல்லுங்களேன்!" அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

"பாத்தாச்சு. அழுக்கா இருக்கு. கழுவிட்டுப் போங்க" என்றார் சோப்புக்காரர்.

சம்பந்தியம்மாள் மெல்ல அவர் அருகில் வந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் வேறொன்றைக் கேட்டார். "அப்ப உங்க சோப்பை நம்பிக் குழந்தைக்குப் போடலாம்தானே சம்பந்தி?"

ஊரே தன் பக்கம் நிற்கும் நேரம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரத்துச் சரக்கைப் போடாதீங்க. காரம் தூக்கல். அதைப் பூதான் காட்டிக் குடுத்துச்சு. அது நெசமான சேதி. நானும் இனிமே கொட்டகையிலேருந்து நேரா ஓடி வர மாட்டேன், நல்ல தண்ணியில அலசிட்டுத்தான் வருவேன். வேற பழைய பாளம் தரேன், அதையும் சோதிச்சுட்டுத் தரேன்."

சம்பந்தியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற வியாபாரியை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. "கையை அலசிட்டு வாங்க" என்றார்.

சாறு விற்கும் அம்மாள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். சோப்புக்காரர் நகக்கண் வரைக்கும் தேய்த்து அலசினார், துடைத்தார், கையை நீட்டினார். சம்பந்தியம்மாள் மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கித் தானே அவர் கையில் வைத்தார். அவர் கண் கலங்குவதற்குள் குழந்தை தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. அவருடைய முழங்கையிலிருந்து சொட்டியது.

"ஏங்க, ஆடாம அசையாம நில்லுங்க!" என்று மனைவி ஒரு கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "இது என்ன கலரு வருதுன்னு பாத்துடலாம்!"

நீங்களும் ஒன்று செய்யுங்கள். நாளைக்கே வேறொருவர் வேறொரு பூவோடு உங்கள் தெருவுக்கு வருவார். உங்கள் கையைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு சோப்பின் தலைவிதியைக் கணித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு சாபம் இருக்கிறது என்று அவர் சொன்னால், அந்தச் சோப்பைக் கொண்டே உங்கள் மூளையில் படிந்திருப்பதைக் கழுவிவிட்டு வீடு போய்ச் சேருங்கள்.